டாப் வேரியன்ட்டா, பெரிய வண்டியா? பத்து லட்சத்துக்குள் கார் வாங்கும்போது எதற்குப் பணம் கொடுப்பது

போன ஐப்பசியில் ஒரு வாரம் முழுக்க எங்கள் வீட்டு மேசைமேல் இரண்டு கொட்டேஷன்கள் கிடந்தன. ஒன்று, சின்ன ஹேட்ச்பேக் வண்டியின் டாப் வேரியன்ட். ஷோரூம் விலை 9,80,000 ரூபாய். பெரிய டச் ஸ்கிரீன், அலாய் வீல், வயர்லெஸ் சார்ஜர், நான்கு பக்கமும் காட்டும் கேமரா என்று கேட்டதெல்லாம் அதில் இருந்தது. இன்னொன்று, நான்கு மீட்டருக்குள் வரும் எஸ்.யு.வி. வண்டியின் நடு வேரியன்ட். விலை 9,70,000. திரை சின்னது, சக்கரத்துக்குப் பிளாஸ்டிக் மூடி, கேமரா பின்பக்கம் மட்டும். ஆனால் வண்டி உயரம். இன்ஜினுக்கு இழுவை அதிகம். மோதல் சோதனையில் நட்சத்திரமும் அதிகம்.

பணம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் முடிவு சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். விலை வேறாக இருந்தால் கையில் இருக்கும் பணம் முடிவு செய்துவிடும். விலை ஒன்றாகும்போது நமக்கு என்ன வேண்டும் என்று நாமேதான் சொல்லியாக வேண்டும். அங்கேதான் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் போனோம். மகளுக்குச் சன்ரூஃப். மனைவி இப்போதுதான் ஓட்டப் பழகியிருப்பதால் அவருக்கு ஆட்டோமேட்டிக். தம்பி தொலைபேசியில் மைலேஜ், மைலேஜ் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா எதுவும் கேட்கவில்லை.

நாங்கள் நாமக்கல்லில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மகளுக்கு 11, மகனுக்கு 4. மாதம் ஒருமுறை திருச்செங்கோடு, ஈரோடு வழியாகக் கோபிக்கு, மனைவியின் அம்மா வீட்டுக்குப் போவோம். வருடத்தில் மூன்று நான்கு தடவை குலதெய்வம் கும்பிடக் கொல்லிமலை. மற்ற நாட்களில் பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி. எல்லாம் கூட்டினால் வருடத்துக்கு 9,000 கிலோமீட்டர் வருகிறது. நீங்களும் கார் பார்க்கத் தொடங்கும்முன் இதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: யார் ஏறப்போகிறார்கள், எந்த ரோட்டில் போகப்போகிறது, வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர். அந்தத் தாள் இல்லாமல் ஷோரூமுக்குப் போனால், அவர்கள் காட்டுவதுதான் நம் தேவை ஆகிவிடும்.

அப்புறம் என் தாய்மாமா. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மேசையில் கிடந்த இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "மாப்ளே, பின்னாடி வெளியில போட்டுக்க முடியறதுக்கு இப்பக் காசு குடுக்காதே. போடவே முடியாததுக்குக் குடு." இந்த ஒரு வடிகட்டியில் ஊற்றிப் பார்த்தபோது பட்டியலில் பாதி கீழே இறங்கிவிட்டது. டச் ஸ்கிரீன், கேமரா, சீட் கவர், அலாய் வீல், ஸ்பீக்கர், மொபைல் சார்ஜர் எல்லாம் வெளியில் கிடைக்கும். ஒயரை வெட்டாமல் கப்ளர் வைத்துப் பொருத்தச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெட்டி ஒட்டினால் மின்சாரப் பகுதிக்கான வாரண்டி போய்விடும். ஆனால் வண்டியின் கூடு, ஏர்பேக், இருக்கையின் உயரம், இன்ஜின், கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டியின் அடிப்பகுதிக்கும் ரோட்டுக்கும் உள்ள இடைவெளி) இவற்றை எந்தக் கடையிலும் வாங்கி மாட்ட முடியாது.

உயிர் சம்பந்தப்பட்டது

விற்பனையாளர் காட்டும் 'சேஃப்டி' பக்கத்தில் முதலில் வருவது ஏ.பி.எஸ். (பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது), இரண்டு ஏர்பேக், பின்பக்க பார்க்கிங் சென்சார், 80 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் அடிக்கும் மணி. இவை எந்த நிறுவனமும் நமக்குச் செய்யும் உபகாரம் அல்ல, சட்டம். கார்களில் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலில் கட்டாயமானது. ஓட்டுநர் ஏர்பேக், பார்க்கிங் சென்சார், வேக எச்சரிக்கை ஆகியவை 2019 ஜூலையில் வந்தன. முன்சீட்டுப் பயணிக்கான ஏர்பேக், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் சேர்த்து, 2021 முடிவில் கட்டாயமாகிவிட்டது. ஆகவே இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது இவற்றையெல்லாம் அடித்துவிட்டு, மீதி என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மீதியில் முதலாவது, பக்கவாட்டு ஏர்பேக்குகளும் கர்ட்டன் ஏர்பேக்குகளும். முன்னால் இருக்கும் இரண்டோடு, நெஞ்சுக்குப் பக்கத்தில் இரண்டு, ஜன்னலை மூடியபடி மேலிருந்து இறங்கும் இரண்டு சேர்ந்தால் ஆறு. இந்த ஜன்னல் திரைதான் பின்சீட்டில் இருப்பவர்களின் தலையையும் காப்பது. ஆறையும் கட்டாயமாக்க 2022 இல் மத்திய அரசு வரைவு விதி கொண்டுவந்தது, பிறகு அதைக் கைவிட்டது. ஆனாலும் ஹூண்டாய் 2023 இல் தன் எல்லா மாடல்களிலும் ஆறு கொடுத்தது. 2025 இல் மாருதி ஆல்ட்டோ, வேகன் ஆர் போன்ற சின்ன வண்டிகளில்கூட அடிப்படை வேரியன்ட்டிலிருந்தே ஆறு போட்டது. அதனால் இன்றைக்குப் புது வண்டி பார்க்கும் யாரும் ஆறுக்குக் குறைவாக ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் இரண்டு கொட்டேஷன்களிலும் ஆறு இருந்தது.

இரண்டாவது ஈ.எஸ்.சி. இதைப் பற்றி ஷோரூமில் யாரும் பேசமாட்டார்கள், திரையைப் பற்றித்தான் பேசுவார்கள். ஈரமான ரோட்டில் திடீரென்று ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வண்டியின் பின்பகுதி வழுக்கிச் சுற்றப் பார்க்கும். அந்த நேரத்தில் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் வேண்டுமோ அந்தச் சக்கரத்துக்கு மட்டும் கொடுத்து, இன்ஜின் வேகத்தையும் குறைத்து, வண்டியை நாம் திருப்பிய பக்கத்துக்கே கொண்டுவருவது ஈ.எஸ்.சி. ஏ.பி.எஸ். பிரேக் மிதிக்கும்போதுதான் வேலை செய்யும். இது நாம் மிதிக்காதபோதும் வேலை செய்யும். குறுக்கே ஆடு பாய்வதும், சந்திலிருந்து பைக் எட்டிப் பார்ப்பதும் நம் ரோட்டில் தினமும் நடப்பது. என்னைக் கேட்டால் ஏர்பேக்குக்கு முன்பே இதைக் கேட்பேன். ஏர்பேக் மோதிய பிறகு காப்பாற்றும், இது மோதாமல் இருக்கப் பார்க்கும்.

மூன்றாவது கூடு. அதன் உறுதியைப் பார்க்கும் நம் நாட்டு மோதல் சோதனையான பாரத் என்.சி.ஏ.பி. 2023 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வண்டியை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, அதன் முகத்தில் பாதிக்கும் குறைவான பகுதி மட்டும் தடுப்பில் மோதும்படி விடுவார்கள். பக்கவாட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் இன்னொரு மோதல். பெரியவர்களுக்கு 32 மதிப்பெண், குழந்தைகளுக்கு 49 மதிப்பெண், இரண்டுக்கும் தனித்தனி நட்சத்திரம். விளம்பரத்தில் பெரும்பாலும் பெரியவர்களுக்கான நட்சத்திரம்தான் பெரிதாகத் தெரியும். வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கும்போது குழந்தைகளுக்கான மதிப்பெண்ணைத் தனியாகப் பார்க்காமல் இருக்கக்கூடாது. இந்தச் சோதனை கட்டாயம் அல்ல, நிறுவனமே முன்வந்து வண்டியைக் கொடுக்க வேண்டும். நான் பார்த்த ஹேட்ச்பேக்கைவிட நான் பார்த்த எஸ்.யு.வி.க்கு ஒரு நட்சத்திரம் அதிகம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நேர்மோதல் சோதனையில் வண்டி ஒரு தடுப்பில்தான் மோதுகிறது, எதிரே இன்னொரு கனமான வண்டி வருவதில்லை. அதனால் ஒரே எடையுள்ள வண்டிகளுக்கு நடுவில்தான் நட்சத்திரத்தை ஒப்பிடலாம். ஐந்து நட்சத்திரச் சின்ன வண்டியும் நான்கு நட்சத்திரப் பெரிய வண்டியும் நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும் என்று அந்த எண் சொல்லாது. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அதிகம் ஓட்டுபவர் எடையையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

பின்சீட்டுப் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 4 அன்று மும்பை – அகமதாபாத் நெடுஞ்சாலையில் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அது விலையுயர்ந்த, பாதுகாப்பு வசதிகள் நிறைந்த வண்டி. முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பெல்ட் போடாமல் பின்சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த பிறகும் நம் வீடுகளில் பின்சீட்டுப் பெல்ட் சீட்டுக்கு அடியில்தான் செருகிக் கிடக்கிறது. வண்டி பார்க்கப் போகும்போது பின்சீட்டின் நடு இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே இடுப்பை மட்டும் பிடிக்கும் பெல்ட்டா, தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட்டா? தலைசாய்ப்பு இருக்கிறதா? நான் பார்த்த ஹேட்ச்பேக்கின் நடு இடத்தில் தலைசாய்ப்பு இல்லை. அந்த இடம் என் மகளுக்கானது.

உடம்பு சொல்வதைக் கேட்பது

சனிக்கிழமை அம்மாவை இரண்டு ஷோரூமுக்கும் கூட்டிப் போனேன். ஹேட்ச்பேக்கில் ஏறும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவது மாதிரி உட்கார வேண்டியிருந்தது. எழும்போது நான் கைகொடுத்துத் தூக்கினேன். எஸ்.யு.வி.யில் இருக்கை சரியாக இடுப்பு உயரத்தில் இருந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துவிட்டார். இதைவிடப் பெரிய வண்டி ஒன்றிலும் ஏறிப் பார்க்கச் சொன்னேன். அது இன்னும் உயரம், படியில் கால் வைத்து ஏற வேண்டும். முழங்கால் மடக்க முடியாமல் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். ஆக, உயரம் கூடக்கூட நல்லது என்பதும் இல்லை. ஏறுகிறவரின் இடுப்பும் இருக்கையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். எந்த பிரவுச்சரிலும் இந்த அளவு போட்டிருக்காது. வயதானவரைக் கூட்டிப் போய் மூன்று முறை ஏறி இறங்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

பின்சீட்டுக்கு ஏ.சி. வென்ட் இருக்கிறதா என்பதும் இதே வகை. பங்குனி, சித்திரை வெயிலில் முன்னால் இருப்பவருக்குக் குளிர்ந்து, பின்னால் இருப்பவருக்குக் காற்று எட்டவே பத்து நிமிடம் ஆகும். 2012 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டி வெயிலைச் சமாளிக்கும் வழியும் எளிதில்லை. இரண்டு வண்டியிலும் பின்வென்ட் இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால் அதை மட்டும் வைத்தே ஒரு கொட்டேஷனைக் கிழித்திருப்பேன்.

வெயில் என்றதும் சன்ரூஃப். மகளிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். நம் ஊரில் காலை ஒன்பது மணிக்கு மேல் அந்தத் திரையைத் திறக்க முடியாது, தலைமேல் வெயில் இறங்கும். ஓடும் வண்டியில் பிள்ளைகள் அதில் எழுந்து நின்று வெளியே தலை நீட்டுவது ஆபத்து. ஒரே ஒரு பிரேக் போதும். பல வருடம் கழித்து அதன் வடிகுழாய் தூசியில் அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளே ஒழுகும். மலைக்குப் போகும் சாயங்காலம் அழகாக இருக்கும் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நாங்கள் கொடுக்க வேண்டியிருந்த விலை, அதன் விலைச்சீட்டில் எழுதியிருந்த விலை அல்ல.

பத்து லட்சக் கோடு

எஸ்.யு.வி.யில் சன்ரூஃபோடு வரும் அடுத்த வேரியன்ட் 10,25,000 ரூபாய். நடு வேரியன்ட்டைவிட 55,000 அதிகம். "மாதத் தவணையில் ஆயிரம் ரூபாய்தான் சார் கூடும்" என்றார் விற்பனையாளர். அவர் சொன்னது ஷோரூம் விலைக்கு மட்டும்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது காருக்கான ஆயுள் வரி இப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும் 18. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9,70,000க்கு 13 சதவீதம் 1,26,100. 10,25,000க்கு 18 சதவீதம் 1,84,500. வரியில் மட்டும் 58,400 வித்தியாசம். விலை வித்தியாசம் 55,000த்தையும் சேர்த்தால் 1,13,400 ரூபாய். அதற்கும் மேல், பத்து லட்சம் தாண்டும் காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வாங்கிக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், ஆனாலும் அன்றைக்குக் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும். 1,13,400 ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 2,350 ரூபாய் கூடும்.

ஒன்பதரை லட்சத்திலிருந்து பத்தரை லட்சத்துக்குள் கார் பார்க்கும் ஒவ்வொருவரும் இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை ஒட்டித்தான் நிறைய டாப் வேரியன்ட்கள் நிற்கின்றன.

இன்னொரு கோடு நீளத்தில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் இருந்து பெட்ரோல் இன்ஜின் 1200 சி.சி.க்குள்ளும் டீசல் இன்ஜின் 1500 சி.சி.க்குள்ளும் இருக்கும் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. சின்ன எஸ்.யு.வி.க்களின் டிக்கி குறுகலாக இருப்பதற்குக் காரணம் இந்த நான்கு மீட்டர்தான், முன்பும் இதே நீளத்தை வைத்துத்தான் வரி பிரித்தார்கள். அதனால் கோபியிலிருந்து அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு வரும் எங்களுக்கு, டிக்கியின் லிட்டர் கணக்கைவிட அதன் வாயின் அகலமும், விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியமாகப் பட்டது. வீட்டிலிருந்து ஒரு பெரிய பெட்டியை எடுத்துப் போய் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் பெட்டி உள்ளே போனது. ஹேட்ச்பேக்கில் பெட்டியோடு வேறு எதுவும் போகவில்லை.

மலையும் மேடும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேரும் பொங்கல் பாத்திரமும் ஏறிய பிறகு, வளைவுக்கு வளைவு வண்டி கிட்டத்தட்ட நின்று, முதல் கியரில் மீண்டும் இழுக்க வேண்டும். குதிரைச் சக்தி எத்தனை என்பது அங்கே அவ்வளவாக உதவாது. இன்ஜினின் குறைந்த சுற்றில் எவ்வளவு டார்க், அதாவது இழுவை, கிடைக்கிறது என்பதுதான் உதவும். சின்ன டர்போ இன்ஜின்கள் நெடுஞ்சாலையில் பறக்கும். ஆனால் வளைவில் சுற்று கீழே இறங்கியதும் டர்போ விழித்துக்கொள்ள ஒரு கணம் எடுக்கும். அந்த ஒரு கணத்தை டெஸ்ட் டிரைவில் உணர வேண்டுமானால் நேர் ரோட்டில் ஓட்டிப் பயனில்லை. நான் விற்பனையாளரைக் கேட்டு, பாலத்தின் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கிளப்பிப் பார்த்தேன். ஹில் ஹோல்ட் வேலை செய்வதும் அங்கேதான் தெரிந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஓரிரு விநாடி வண்டியைப் பின்னால் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மலைக்குப் போகிறவர்களுக்கு, அதுவும் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு, இது பெரிய துணை.

கிரவுண்ட் கிளியரன்ஸ் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள், சரியாகத்தான் பேசுகிறார்கள். இந்தியச் சாலை காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெதுவான மேடாக இருக்க வேண்டும். நம் கிராமங்களில் இருப்பது ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழும்பி நிற்கும் மேடு. ஹேட்ச்பேக்குகள் பொதுவாக 165 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கின்றன, சின்ன எஸ்.யு.வி.க்கள் 185க்கு மேல். எண்ணைக் கேட்கும்போது அது ஆள் ஏறாத வண்டிக்கா, முழுப் பாரத்துக்கா என்றும் கேளுங்கள். ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் நன்றாகவே இறங்கும். மச்சானின் வண்டியை இரவல் வாங்கிக் கோபிக்குப் போய்வந்த வருடங்களில் அடியில் உரசும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கேட்டு, ஒவ்வொரு மேட்டிலும் எல்லாரையும் இறங்கி நடக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவையும் சேர்த்து.

எரிபொருளும் கியரும்

தம்பியின் மைலேஜுக்கு வருகிறேன். ஒரு வண்டி லிட்டருக்கு 15, இன்னொன்று 18 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் 9,000 கிலோமீட்டருக்கு முதல் வண்டி 600 லிட்டர், இரண்டாவது 500 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருடத்துக்குப் பத்தாயிரம். மாதம் 850 ரூபாய்கூட இல்லை. அம்மாவின் முழங்காலுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் எதிராக இதை வைத்துப் பார்த்தால் எனக்கு இது சின்னத் தொகை. இதே வித்தியாசம் வருடம் 30,000 கிலோமீட்டர் ஓட்டும் விற்பனைப் பிரதிநிதிக்கு 33,000 ரூபாய், அவர் மைலேஜை முதலில் வைப்பதுதான் நியாயம். இரண்டு வண்டியும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றவை என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அந்தப் பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் குறையும், நிறுவனம் சொல்லும் எண்ணை நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

டீசல் எங்களுக்குச் சரிவராது. டீசல் வண்டி ஒன்றேகால் லட்சம் கூட இருந்து, கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சமானால், போட்ட பணம் திரும்ப 60,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். எங்களுக்கு ஏழு வருடம். அதோடு, 2020 இல் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து போக வண்டி அவ்வப்போது நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். தினமும் பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீட்டர் போய் நிற்கும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். சி.என்.ஜி.யில் ஓட்டும் செலவு குறைவு, ஆனால் சிலிண்டர் டிக்கியில் பங்கு கேட்கும், ஏற்றத்தில் இழுவை குறையும். மின்சார வண்டியை உண்மையாகவே யோசித்தோம். ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், கோபி போய்வர ஒரு சார்ஜ் போதும், மலையில் இழுவைக்குக் குறையே இல்லை. நாங்கள் இருப்பது வாடகை வீடு, வண்டி தெருவில் நிற்கும், சார்ஜ் போட இடம் இல்லை. சொந்த வீடும் வாசலில் ஒரு பிளக்கும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆட்டோமேட்டிக் விஷயத்தில் மனைவி பக்கம்தான் நியாயம் இருந்தது. ஆனால் எங்கள் தொகைக்குள் கிடைத்தது ஏ.எம்.டி. மட்டும். கிளட்ச்சை இயந்திரமே மிதிக்கும் சாதாரண கியர்பெட்டி அது. மலிவு, மைலேஜும் குறையாது. ஆனால் கியர் மாறும்போது ஒரு தயக்கம், ஏற்றத்தில் எந்தக் கியரில் நிற்பது என்று ஒரு குழப்பம். டார்க் கன்வர்ட்டர், சி.வி.டி. என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகள் மென்மையானவை, ஆனால் நாங்கள் பார்த்ததில் அவற்றோடு விலை பத்து லட்சக் கோட்டைத் தாண்டியது. மனைவி ஏ.எம்.டி.யை ஏற்றத்தில் நிறுத்தி ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேனுவலே பரவாயில்லைங்க, எந்தக் கியர்ல இருக்கோம்னாவது தெரியுது" என்றார். அவர்தான் தினமும் ஓட்டப்போகிறவர் என்பதால் அதோடு முடித்துக்கொண்டோம்.

கடைசியில்

நடு வேரியன்ட் எஸ்.யு.வி.யை மேனுவலில் புக் செய்தோம். வெள்ளை நிறம், வெயிலுக்காக. கொட்டேஷனில் நாங்கள் கேட்காத 38,000 ரூபாய் ஆக்சஸரீஸும் ஒரு 'ஹேண்ட்லிங்' தொகையும் இருந்தன. இரண்டையும் எடுக்கச் சொன்னேன், கொஞ்சம் முகம் சுளித்துவிட்டு எடுத்தார்கள். இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியில் விலை கேட்டுக் காட்டியதும் அவர்களும் அந்த அளவுக்கு இறங்கி வந்தார்கள். டெலிவரிக்கு முன் வண்டியை நிறுத்தி வைத்திருந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கக் கேளுங்கள். தயாரித்த மாதம், டயர்களின் தேதி, ஸ்டெப்னி, பெயின்ட் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு ரிஜிஸ்ட்ரேஷனுக்குச் சம்மதியுங்கள். பதிவான பிறகு வண்டி நம்முடையது, மாற்றித் தரமாட்டார்கள்.

சன்ரூஃபுக்குக் கொடுக்காத பணத்திலிருந்து மகனுக்கு, வண்டி இருக்கையிலேயே பொருத்தியிருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டும் குழந்தை இருக்கை வாங்கினோம். மகளுக்கு நல்ல ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தேன், அதற்கு அவள் சமாதானம் ஆனாள்.

ஒன்றில் மட்டும் தோற்றுவிட்டோம். பின்கண்ணாடிக்கான வைப்பரும், பனிப்படலத்தைப் போக்கும் டிஃபாகரும் அந்த அடுத்த வேரியன்ட்டில்தான் இருந்தன. இரண்டும் மாமா சொன்ன 'போடவே முடியாதது' வகை. வரிக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று விட்டுவிட்டேன். மார்கழியில் குலதெய்வம் கும்பிட்டுவிட்டு, கொல்லிமலையில் சோளக்காடு என்ற ஊரிலிருந்து இறங்கியபோது பனி கொட்டியது. பின்கண்ணாடி முழுக்க வெண்மை. மூன்று இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, மகள் இறங்கித் துணியால் துடைத்துவிட்டு ஏறினாள்.